பின்கதவு இல்லாத முதல் பரிசு

யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கொரு கெட்ட பழக்கம். செருப்பைக் கழற்றி, சுகம் விசாரித்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே, "பின்பக்கம் போக வழி இருக்குங்களா?" என்று கேட்டுவிடுவேன். பாவம், அவர்கள் வேறு அவசரம் என்று நினைத்து வாளியில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள். நானும் போய், பின்கதவைத் திறந்து பார்த்து, திரும்ப மூடிவிட்டு, வாளியைத் தொடாமலே வந்து உட்காருவேன். இதனாலேயே என் மனைவி என்னோடு விசேஷங்களுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் நான் இளவயதில் வாங்கிய ஒரு முதல் பரிசு. பரிசு வாங்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேனே தவிர, அது எப்படி வந்தது, வந்த பிறகு என்ன ஆனது என்பதை வெளியாரிடம் மூச்சு விட்டதில்லை. இப்போது வயதாகிவிட்டது. மானம் போனாலும் நிறைய நாள் தேட வேண்டியிருக்காது என்பதால் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த நேரம். கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கடைசிக் கிளாக்கர், அதாவது குமாஸ்தா. வயது இருபத்தொன்று. அப்பா இல்லை. கொழுந்து பறிக்கிற செல்லம்மாவின் மகன் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகாமல், காற்சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறான் என்பதே எங்கள் லயத்தில் பெரிய சேதி. ஆபீசில் என் வேலை, தோட்டத்து மலைகளின் வரைபடங்களைப் படியெடுப்பது. எந்த மலை எங்கே முடிகிறது, எங்கே தண்ணீர்க் கான் ஓடுகிறது, எங்கே பாதை திரும்புகிறது என்று மெழுகுத் துணியில் மையால் கோடு இழுப்பேன். ஆறு மாதம் கோடு இழுத்ததும், இந்த நாடு ஒரு பெரிய கட்டடக் கலைஞனைத் தேயிலைத் தோட்டத்தில் வீணாக்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. (வேறு யாருக்கும் தோன்றவில்லை.)

அப்போதுதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ஆபீசுக்கு வரும் இங்கிலீஷ் பத்திரிகையைத் தோட்டத்தை நடத்துகிற துரை படித்து, பெரிய கிளாக்கர் படித்து, கடைசியில் பாதி கிழிந்து என் மேசைக்கு வரும். அதில், கொழும்பில் கட்டடக் கலைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு போட்டி வைப்பதாகப் போட்டிருந்தது. இன்னும் கட்டப்படாத, வருங்காலத்தில் கட்டத்தக்க கட்டடங்களின் வரைபடங்களுக்குப் பரிசு. நகர மண்டபம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று பல பிரிவுகள். ஆகக் கடைசியில் 'தோட்டத் தொழிலாளர் வீடு'. ஏற்கனவே கட்டி முடித்த எதையும் அனுப்பக் கூடாது என்பது கண்டிப்பான விதி. (அனுப்ப நினைத்தாலும் நான் அதுவரை கட்டியிருந்தது ஒரு கோழிக்கூடு. அதையும் கீரி வந்து ஒரே தரத்தில் கலைத்துவிட்டது.)

எங்கள் லயத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இரட்டை லயம். நீளமாக ஒரு தகரக் கூரை, அதன் நடுவில் நீளமாக ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு காம்பரா, அந்தப் பக்கம் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் தாழ்வாரம். குளிருக்கும் சாரலுக்கும் பயந்து அதையும் சாக்கும் பலகையும் வைத்து அடைத்துவிட்டிருந்தோம். வீட்டுக்கு ஒரே கதவு, அது முன்னால். இடது பக்கச் சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம், வலது பக்கம் ஒரு குடும்பம், பின்சுவருக்கு அப்பால் மாரியாயி அக்கா.

அம்மாவும் மாரியாயி அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியதைவிடச் சுவர் வழியாகப் பேசியதுதான் அதிகம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, "மாரியாயி, உப்பு இருக்கா?" என்று சாதாரணக் குரலில் கேட்பாள். "இருக்கு, வந்து எடுத்துக்க" என்று சுவர் பதில் சொல்லும். அதை எடுக்க லயத்தை முழுசாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்குள் இங்கே சோறு குழைந்துவிடும்.

அடுப்பு, நாங்கள் படுக்கிற இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி இருந்தது. எரிப்பது மிலாறு. அதாவது கவ்வாத்து வெட்டும்போது கழிக்கிற தேயிலைக் குச்சி. காய்ந்திருந்தால் நன்றாக எரியும். எங்கள் மலையில் வருஷத்தில் எத்தனை நாள் எதுதான் காய்ந்திருக்கும்? புகை எழும்பி, கூரையில் முட்டி, வழி தெரியாமல் எங்கள் தலைக்கே இறங்கி வரும். அம்மாவுக்கு விடிய ஒரு இருமல், பொழுதுபட ஒரு இருமல். கண் எப்போதும் சிவந்திருக்கும். புதுசாக வருகிறவர்கள் அவள் அழுதாள் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொல்வார்கள்.

போட்டிக்கு வீடு வரையப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ராசு, அடுப்பு படுக்கிற எடத்துல இருக்க வேணாம்யா. அதுக்குன்னு தனியா ஒரு எடம் வச்சிரு. மத்ததெல்லாம் ஒன் இஷ்டம்."

நான் வைத்தேன். வாழ்நாளில் அவ்வளவு ஆசையாக எதையும் வரைந்ததில்லை. ஒட்டிய லயம் கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் தனி வீடு. முன்னால் கூடம், அதற்கு இரண்டு பெரிய ஜன்னல், ரோஜாச் செடி வைக்க இடம். (அம்மா தேயிலை தவிர எந்தச் செடியையும் இனித் தொடுவாளா என்று யோசிக்கவில்லை.) கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை. அதற்கும் பின்னால், படுக்கும் இடத்திலிருந்து ஆகத் தூரமாக, கடைசி மூலையில் அம்மாவுக்கு என்று தனி அடுப்படி. கோடுகள் தேயிலை நிரை போல வரிசையாக இருந்தன. இங்கிலீஷில் பெயரெழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் பரிசு! கூடவே நடுவர்களின் பாராட்டுரை ஒரு பக்கத்துக்கு. அகராதியை வைத்துக்கொண்டு அதை வாசித்தேன். 'குளிர்ந்த மலைநாட்டின் இயல்பை இந்த இளைஞர் ஆழமாக உணர்ந்திருக்கிறார். மூன்று பக்கமும் திறப்பே இல்லாத முழுச் சுவர்கள் வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டிச் சூட்டைக் காக்கும் துணிச்சலான சிந்தனை' என்று இருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படியை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் ஜன்னல் இல்லை. கதவும் இல்லை. அப்படி எந்தத் துணிச்சலான சிந்தனையும் சிந்தித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் கொழும்பில் படித்தவர்கள் சொல்கிறார்களே! மூன்றாம் முறை வாசித்தபோது லேசாக ஞாபகம் வந்தது. பத்தாம் முறை வாசித்தபோது, பிறந்ததிலிருந்தே நான் காற்றைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது உறுதியாகிவிட்டது. மறுநாள் ஆபீசில் பெரிய கிளாக்கரை ஜன்னலோரம் நிறுத்தி, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாடம் எடுத்தேன். அவர் இருபது வருஷமாக அந்தக் காற்றில் நிற்கிறவர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

(என் பிரிவில் மொத்தமே இரண்டு பேர்தான் போட்டியிட்டோம் என்பது பின்னால் தெரிந்தது. மற்றவர் மாடி வீடு வரைந்து, மேலே ஏறப் படி வைக்க மறந்துவிட்டாராம்.)

பரிசுச் சேதி துரை காதுக்குப் போனது. எங்கள் துரை கெட்டவர் இல்லை. சட்டென்று சூடாகிற மனிதர், நல்லது செய்வதென்றாலும் அதே சூட்டோடு செய்வார். என்னைக் கூப்பிட்டு, வரைபடத்தை மேசையில் விரித்து, தோட்டத்துத் தமிழில் முழங்கினார்.

"ராசு! நல்ல வீடு! கம்பெனிக்கு நான் எழுது. இருபத்துநாலு வீடு கட்டு. முதல்ல ஒன் லயம் உடை!"

அதோடு விடவில்லை. பரிசு கொடுக்க நடுவர்களில் ஒருவரைத் தோட்டத்துக்கே அழைத்தார். அவர் வருகிற நாளில், கம்புகளும் சாக்கும் பலகையும் வைத்து, அசல் அளவிலேயே ஒரு மாதிரி வீட்டை விளையாட்டு மைதானத்தில் நிறுத்திவிட வேண்டும். கம்பெனி ஆளும் வருவார். அவர் உள்ளே நடந்து பார்த்துச் சரி என்றால் மழைக்கு முன் வேலை ஆரம்பம். நடுவரும் தன் பங்குக்கு, எனக்குக் கொழும்பில் தன் ஆபீசில் படம் வரையும் வேலை தரலாம் என்று எழுதியிருந்தார்.

லயத்தில் அன்றைக்கே வீடு பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கு எந்த வீடு, யார் யாருக்குப் பக்கத்தில் என்று வாய்ச் சண்டை. ஒரு குடும்பம் ரோஜாச் செடிக்குச் சொல்லியும் வைத்துவிட்டது. மாரியாயி அக்கா மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "தனித் தனி வீடுன்னா நா யார்கிட்டடி பேசுறது?" என்று கவலைப்பட்டாள். அம்மா, "ஒனக்கும் பக்கத்து வீடு வாங்கித் தரச் சொல்றேன், எம்மவன்தானே கட்டுறான்" என்றாள். எம்மவன் என்று சொல்லும்போது அவள் இருமல்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

மாதிரி வீட்டைக் கட்டியது சோமபால பாஸ். கைவேலை மேஸ்திரியைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துத் தச்சு வேலை, கொத்து வேலை எல்லாம் அவர்தான். கீழே சிங்களக் கிராமத்திலிருந்து வருவார். வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்.

"தம்பி, பின்னால கதவு இல்லையா?"

"இல்லை பாஸ்."

"குஸ்ஸியில ஜன்னல்?"

குஸ்ஸி என்றால் சிங்களத்தில் அடுப்படி. "இல்லை பாஸ்."

"அப்ப பொம்பளை சாம்பலை எங்க கொட்டுறது? தண்ணி எங்க ஊத்துறது?"

நான் பரிதாபத்தோடு சிரித்தேன். கையோடு வைத்திருந்த பாராட்டுரையை எடுத்துக் காற்றுக்கு முதுகைக் காட்டும் இடத்தை வாசித்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் இரண்டு முறை வாசித்தேன்.

"ஹரி, ஹரி" என்றார் பாஸ். சரி சரி என்று அர்த்தம். "நான் வீடு கட்டுறவன். பிரைஸ் எடுக்கிறவன் இல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தோடு விட்டிருந்தாலும் தப்பியிருப்பேன். மாதிரி வீட்டில் காற்று புகுந்தால் என் சிந்தனைக்கு அவமானம் அல்லவா? சாக்குச் சுவரை இரட்டையாக அடிக்கச் சொன்னேன். அதன் மேல் களிமண் பூசச் சொன்னேன். தகரக் கூரைக்கும் சுவருக்கும் இருந்த இடுக்குகளைப் பழைய பத்திரிகைகளைச் சுருட்டி நானே என் கையால் அடைத்தேன். முடித்துவிட்டு உள்ளே நின்று ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்தேன். சுடர் ஆடவே இல்லை. எனக்குப் புல்லரித்தது. வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, விழா வரைக்கும் யாரும் உள்ளே போகக் கூடாது என்று சட்டம் போட்டேன். அதனால் அம்மா அந்த அடுப்படியைப் பார்க்கவே இல்லை.

விழா அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒரு தூறல். மைதானம் நிறையச் சனம். துரை, அவர் மனைவி தொரசாணி, கம்பெனி ஆள், கொழும்பிலிருந்து வந்த நடுவர். நடுவர் வெள்ளை உடுப்பு போட்ட மெலிந்த சிங்கள மனிதர். பேச்சு முழுக்க இங்கிலீஷ். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் கடன் வாங்கிய கோட்டில் நின்றேன். அதன் கை என் விரல் நுனி வரைக்கும் வந்ததால், கைகொடுத்தவர்கள் எல்லாம் துணியைத்தான் குலுக்கினார்கள்.

தொரசாணி ரிப்பனை வெட்டினார். எல்லாரும் உள்ளே போகப் போன நேரம், அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் புதுப் பானை, கையில் செம்பு நிறையப் பால், பின்னால் மாரியாயி அக்கா தலையில் ஒரு கட்டு மிலாறு.

"தொர, மன்னிச்சுக்கங்க. பால் காய்ச்சாம வீட்டுக்குள்ள எப்பிடிங்க போறது? சாக்கு வீடா இருந்தாலும் வீடுதானுங்களே."

இது நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஆனால் நடுவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. பால் பொங்க வேண்டும், பொங்கி வழிந்தால்தான் அந்த வீட்டில் வாழ்கிறவர்களுக்கு நல்லது என்று துரை அவருக்கு இங்கிலீஷில் விளக்கினார். "பார்க்க வேண்டும்" என்றார் நடுவர். கம்பெனி ஆளும், தொரசாணியும், பெரிய கிளாக்கரும், கங்காணிமார் இரண்டு பேரும், என் கோட்டுக்குச் சொந்தக்காரரும் எல்லாரும் பார்க்க வேண்டும் என்றார்கள். மாரியாயி அக்கா விறகை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளே இடமில்லை என்று வெளியே சுற்றிக்கொண்டு போனாள்.

கூடம் கடந்து, அறை கடந்து, ஒற்றை வரிசையில் அடுப்படிக்குள் நுழைந்தோம். என் துணிச்சலான சுவர்கள் மூன்று பக்கமும் நின்றன. அம்மா மூன்று கல்லை வைத்தாள், பானையை ஏற்றினாள், சூடம் கொளுத்தி மிலாற்றில் வைத்தாள். நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள், அடுத்த சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் புகை வந்துவிட்டது.

காலைத் தூறலில் நனைந்த மிலாறு. முதலில் வெள்ளையாக ஒரு நூல் எழும்பிக் கூரைக்குப் போனது. அங்கே என் பத்திரிகைச் சுருள்கள் அதைத் தடுத்து நிறுத்தின. அப்புறம் மஞ்சளாக, சாம்பலாக, கறுப்பாகத் திரண்டு எங்கள் மேலே இறங்கியது. முதலில் தொரசாணி ஒரு சின்ன இருமல் இருமினார். மரியாதைக்குப் பெரிய கிளாக்கரும் இருமினார். அடுத்த நிமிஷம் யார் யாருக்காக இருமுகிறார்கள் என்று தெரியவில்லை. திரும்பிப் போகலாமென்றால் வாசல் வரைக்கும் ஆள். பின்னால் நின்றவர்கள் புகையைப் பார்த்துவிட்டு, பால் பொங்கப்போகிறது என்று இன்னும் நெருக்கித் தள்ளினார்கள்.

"கதவு! கதவு எங்கே?" துரையின் குரல்.

"முன்னாலங்க தொர!"

"பின்னால?"

"பின்னால இல்லைங்க தொர!"

"ஏன் இல்லை?"

அந்த இடத்தில் பாராட்டுரையை வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

"அம்மா, நெருப்பை அணைச்சிருங்க!" என்று கத்தினேன்.

"பொங்காம எப்பிடிடா அணைக்கிறது? இருபத்துநாலு குடும்பம் வாழப்போற வீடுடா!" புகைக்குள் எங்கிருந்தோ அம்மாவின் குரல் வந்தது. குனிந்து ஊதாங்குழலால் ஊதுகிற சத்தமும் கேட்டது. அவள் ஒருத்திதான் அங்கே இருமவில்லை.

அந்த நேரத்தில், பின்சுவருக்கு அப்பால், சாக்குக்கு மிக அருகே, நிதானமாக ஒரு குரல்.

"செல்லம்மா, பால் பொங்கிருச்சா?"

மாரியாயி அக்கா. பழக்கம்! வெளியே சுற்றிக்கொண்டு போனவள் தன் வழக்கமான இடத்தில் போய் நின்றிருக்கிறாள்.

"இன்னும் இல்லை மாரியாயி! இங்க எல்லாரும் சாகப் போறாங்க!"

"அய்யய்யோ! பாஸ்! இங்க ஓடியாங்க பாஸ்!"

சோமபால பாஸ் கையில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும். அது சாக்கில் மேலே நுழைந்து, கீழே வரைக்கும் இறங்கியதைப் புகையினூடே பார்த்தேன். களிமண் பொலபொலவென்று உதிர்ந்தது. வெளிச்சம் வந்தது. என் வீட்டுக்கு ஒரு பின்கதவு வந்தது. அது வழியாகத் தொரசாணி முதலில் வெளியேறினார். அடுத்து கம்பெனி ஆள் தவழ்ந்து வந்தார். வெள்ளை உடுப்பில் போன நடுவர் கறுப்பு உடுப்பில் வந்தார். ஆகக் கடைசியில் அம்மா, இரண்டு கையிலும் பானையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் கரியாக வந்து நின்றாள்.

"பொங்கிருச்சுங்க தொர!"

கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முயன்று மூக்கால் விட்டார். எனக்குப் பூமிக்குள் போக வேண்டும் போல இருந்தது. கொழும்பு வேலை போயிற்று. பரிசு போயிற்று. அதெல்லாம் போகட்டும். இந்த வீட்டைத்தானே இருபத்துநாலு தரம் கட்டச் சொல்லியிருந்தேன்! அம்மாவை அந்த அடுப்படியில் வைத்துக் காலம் முழுக்கக் கதவில்லாமல் அடைத்திருப்பேனே என்று நினைத்தபோது பயம் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த அவமானத்தைவிட அந்தப் பயம்தான் பெரிது.

நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சல் இல்லாமல் கேட்டார். அடுப்புக்குப் புகைக்கூண்டு கூரைப் படத்தில் இருக்கும் என்று நினைத்தோமே, எங்கே அந்தப் படம்? பின்பக்கத்தை ஏன் முழுசாக மூடினாய்? உண்மையில் காற்றை நினைத்துத்தானா?

பொய் சொல்ல நல்ல தருணம். ஆனால் என் இங்கிலீஷ் புகையோடு போய்விட்டிருந்தது. தமிழில்தான் வாய் வந்தது.

"காத்தை நெனைக்கலீங்க. கூரைப் படம்னு ஒண்ணு வரையணும்னே எனக்குத் தெரியாதுங்க. பின்பக்கம்னு ஒண்ணு இருக்குங்கிறதே எனக்குத் தோணலீங்க. நான் பொறந்த வீட்டுக்குப் பின்பக்கம் கெடையாது. அங்க வேற குடும்பம் இருக்கு. பின்கதவு பங்களாவுல பார்த்திருக்கேன், அது நாங்க நின்னு கூப்பிடுற எடம். எங்க வீட்டுக்குப் பின்னால யார் வந்து நின்னு கூப்பிடப் போறாங்கன்னு நெனைச்சிட்டேங்க."

நடுவர் துரையைப் பார்த்தார். துரைதான் மொழிபெயர்க்க வேண்டும். மனிதர் வேகமாக ஆரம்பித்தார். 'பின்பக்கம் கிடையாது, வேறு குடும்பம்' என்ற இடத்துக்கு வந்ததும் வேகம் குறைந்தது. பங்களாப் பின்கதவுக்கு வந்தபோது தொண்டையைச் செருமினார். அது புகையினால் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அம்மா தன் மகனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"இவன் மேல கோவிச்சுக்காதீங்க தொர. இது என்னாங்க பெரிய பொகை? எங்க காம்பராவுல தெனமும் இதைவிடக் கூட இருக்கும்."

இதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. துரை அம்மாவின் முகத்தைப் பார்த்தார், சிவந்த கண்ணைப் பார்த்தார், தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். தொரசாணி இன்னும் இருமிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் துரை எங்கள் லயத்துக்கு வந்தார். லயத்தை வெளியே நின்று எண்ணிப் பார்த்துப் போகிற துரைமாரை நாங்கள் கண்டிருக்கிறோம். இவர் குனிந்து இஸ்தோப்புக்குள் வந்தார். அம்மா அடுப்பு மூட்டியிருந்த நேரம். கொஞ்ச நேரம்தான் நின்றார். கண்ணீரோடு வெளியே வந்து, "பாஸைக் கூப்பிடு!" என்று கர்ஜித்தார். (பெரிய கிளாக்கர் பயந்து ஓடியதில் அவருடைய செருப்பு ஒன்று எங்கள் வாசலிலேயே கிடந்தது.)

அந்த வாரமே சோமபால பாஸ் கூரையில் ஏறிவிட்டார். இருபத்துநான்கு காம்பராவுக்கும் அடுப்புக்கு நேர் மேலே தகரத்தை வெட்டி, மழை இறங்காமல் மேலே ஒரு தகரத் தொப்பி வைத்து, புகை போக வழி விட்டார். இஸ்தோப்பில் பலகையை அறுத்து வீட்டுக்கொரு ஜன்னலும் வைத்தார். வேலை நடக்கும்போது நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ் மேலேயிருந்து, "தம்பி, இதுக்குப் பிளான் வேணுமா?" என்று கேட்டார். லயத்தில் எல்லாரும் எனக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டார்கள்.

முதல் நாள் அடுப்பு மூட்டியதும் புகை நேராக எழும்பி, தொப்பிக்கு அடியால் வெளியே போனது. அம்மா வெளியே ஓடி வந்து கூரையைப் பார்த்தாள். திரும்ப உள்ளே ஓடினாள். திரும்ப வெளியே வந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் அவளுடைய இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கு அந்த நிம்மதியை இன்றைக்கும் சொல்ல வார்த்தை வரவில்லை. நான் வரைந்த வீட்டில் அவள் வாழ நேர்ந்திருந்தால் அது இரட்டிப்பாகியிருக்கும்.

இருபத்துநாலு வீடுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். கம்பெனி ஆள் ஊருக்குப் போய், 'யோசித்துச் சொல்கிறோம்' என்று எழுதினார். யோசித்துக்கொண்டே இருந்தார்கள். வேறு நல்ல வரைபடம் கேட்டுத் துரை எழுதிய கடிதங்களுக்கும் அதே யோசனைதான். அதில் எனக்குக் கோபம் உண்டு. லயத்துச் சனத்துக்குத் தனி வீடு வரவில்லையே என்கிற கோபம். ஆனால் என் வீடு வரவில்லையே என்று ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. சாமி கும்பிடும்போது அதற்குத் தனியாக ஒரு கும்பிடு போடுவேன்.

விழா அன்றைக்கே, நடுவர் பரிசைத் திரும்பக் கேட்பார் என்று பயந்து, நானே சட்டம் போட்ட சான்றிதழைத் துடைத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வேலையையும் மறுக்கவில்லை. "வா. முதல் ஆறு மாதம் நீ கதவும் ஜன்னலும் மட்டும்தான் வரைவாய்" என்றார். அப்படியே வரைந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தொழிலில்தான் சோறு தின்றேன். என் மேசைக்கு எந்த வரைபடம் வந்தாலும் முதலில் அதைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். ஆபீசில் என்னைப் பின்வாசல் ஐயா என்று கூப்பிட்டார்கள்.

அம்மாவைக் கடைசிக் காலத்தில் என்னோடு கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். சான்றிதழ் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து மரியாதையோடு கேட்பார்கள், "ஒங்க மகன் என்னாத்தைக் கட்டினதுக்குங்க இந்தப் பரிசு?"

அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சமும் சிரிக்காமல் சொல்வாள்.

"கட்டுனதுக்கு இல்லைங்க. கட்டாம விட்டானே, அந்தப் புண்ணியத்துக்கு."

அம்மா போய்ப் பல வருஷமாகிவிட்டது. இப்போது அதே பதிலை, அதே முகத்தோடு, என் பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறேன்.